கரட்டுக்காகக் கட்டிய காப்பு

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர்க் குடங்களின் வாயில் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்து அலசினேன். முகம் கழுவவில்லை, ஜெபம் செய்யவில்லை, முதலில் இதைத்தான் செய்தேன். வாளியில் முக்கியதும் தண்ணீர் அரிசி களைந்தது போல வெளுத்தது. கையை முகர்ந்து பார்த்தேன். ஈரக் கல்லின் வாடை, அதற்கடியில் பட்டாசு வெடித்து ஓய்ந்த தெருவின் வாடை. "மலய அரச்சி நமக்கே பவுடரு பூசி வுடறானுங்கடி" என்று நீ கன்னத்தைத் துடைத்துக் காட்டிய முகம் அந்த வாளிக்குள் வந்துவிட்டது. குத்துக்காலிட்டபடியே சிரித்துவிட்டேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் "இன்னா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. நேற்று மாலை சென்னையிலிருந்து வக்கீல் அம்மா பேசினார். வெள்ளிக்கிழமை நம் வழக்கு வருகிறது. குவாரிக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்தவர் என்று அந்தக் காகிதங்களில் இருப்பது உன் பெயர் ஒன்றுதான். நீ இறந்துவிட்டாய் என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்துவிட்டது. உன் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நடத்த ஆளில்லை என்று எழுதி மூடிவிடுவார்கள்.

"வியாழக்கிழமைக்குள்ள ஒரு பேரு குடுங்க மேடம். புதுப் பேர ஏத்துக்குவாங்களான்னுகூட நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனா கேக்கறதுக்கே ஒரு பேரு வேணும்" என்றார்.

நேற்றிரவு முழுக்க இந்த ஊரின் பெயர்களை ஒவ்வொன்றாக மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல. யாரும் 'உள்ளேன்' என்று சொல்லவில்லை.

உனக்கு எழுதி எத்தனை காலமாகிறது. கடைசியாக எழுதியது நான் கள்ளக்குறிச்சியில் கல்லூரி விடுதியில் இருந்தபோது. தாவரவியல் படிக்கிறேன் என்று பெருமையாக எழுதினேன். நீ அதற்குள் கல்யாணமாகி, அடுத்த தெருவுக்கே வாழ்க்கைப்பட்டு, மரவள்ளிக் காட்டில் நின்றுகொண்டிருந்தாய். விடுமுறைக்கு வந்தவளிடம், "தாவரவியல்னா இன்னாடி? செடிங்களுக்கு ஏ பி சி டி சொல்லிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாய். பிறகு நான் அரசுப் பள்ளி ஆசிரியையானேன். அப்பாவின் வீட்டுக்கே, அதே ஊருக்கே திரும்பி வந்தேன். அன்றிலிருந்து நீ என்னை டீச்சரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாய். பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து அது வரும்போது மரியாதையாக ஒருநாளும் காதில் விழுந்ததில்லை.

கரடு என்று நாம் சொல்லும் அந்தச் சின்னக் குன்று, கல்வராயன் மலையிலிருந்து கொஞ்சம் விலகி, ஊரின் மேற்கே தனியாக நிற்கும். இப்போது நின்றது என்று எழுத வேண்டும். அதன் பாதி உயரத்தில் ஒரு பாறை மடிப்பில் சுனை. கோடையில் கிணறெல்லாம் அடி தெரியும்போதும் அதில் முழங்கால் தண்ணீர் நிற்கும். ஆடு மேய்ப்பவர்கள் குடிப்பார்கள், ஆடும் குடிக்கும். மழைக்காலத்தில் அது வழிந்து இறங்கும் ஓடைதான் உன் காட்டையும் என் அப்பாவின் காணியையும் தொட்டுக்கொண்டு ஏரிக்குப் போகும். நமக்குத் தெரிந்த இந்த விஷயம் குவாரிக்காரர்கள் கொடுத்த அறிக்கையில் இல்லை. அரை கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் நீர்நிலை எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான்தான் உனக்கு வாசித்துச் சொன்னேன். நீ நம்பவில்லை. "மறுக்கா படி" என்றாய். மறுபடியும் படித்தேன். "அப்ப நம்ம குடிச்சது இன்னாடி?" என்று கேட்டாய்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். வாசலில் பாதாம் பால் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் வந்தவர்கள், குவாரி வந்தால் வேலை வரும் என்று ஒருவர் பின் ஒருவராக மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வேலை யாருக்குத்தான் வேண்டாம். நீ பெயர் கொடுத்துவிட்டு வெகுநேரம் காத்திருந்தாய். கூப்பிட்டதும் மைக்குக்குப் போகாமல் நேராக மேடையில் ஏறினாய். மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தாய். விடியற்காலையில் கரட்டில் ஏறிச் சுனையில் மொண்டு வந்த தண்ணீர்.

"தண்ணியே இல்லன்னு எழுதிக்கிறீங்களே சார். இது எந்த ஊரு தண்ணின்னு குடிச்சிப் பாத்துச் சொல்லுங்க."

அதிகாரி சிரித்தார். நல்ல மனிதர்தான். "உங்க கருத்தப் பதிவு பண்ணிட்டோம்மா. போய் உக்காருங்க."

"கருத்து இல்ல சார், தண்ணி."

மண்டபமே சிரித்தது. வேனில் வந்தவர்களும்கூடச் சிரித்தார்கள். நீ இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜெயிச்சிட்டம்டி" என்று என் தொடையைக் கிள்ளினாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓர் உதவியாளர் வந்து பாட்டிலை எடுத்து மேசைக்கு அடியில் வைத்ததை நாம் இருவருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சில மாதங்கள் கழித்துக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இணையத்தில் வந்தது. அதில் உன்னைத் தேடினேன். ஒரு வரியில் இருந்தாய். "பொதுமக்களில் ஒருவர் குடிநீர் வசதி செய்து தருமாறு கோரினார்." அதற்கு நிறுவனம் அளித்த பதிலும் அடுத்த வரியில் இருந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது. பின்னால் அனுமதி கொடுத்தபோது அதையே ஒரு நிபந்தனையாகவும் சேர்த்துவிட்டார்கள். குவாரி வேலை தொடங்கிய பிறகு, கறுப்பு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி பள்ளிக்கூடத்துக்கு எதிரில் வந்து இறங்கியது. உன் தண்ணீர் பாட்டில் தொட்டியாக மாறிவிட்டது. நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாய். "புள்ளயக் காணோம்னு போலீசுல சொன்னா, இந்தாம்மா பொம்மன்னு குடுத்து அனுப்பறானுங்களே" என்றாய். சாகும்வரை அந்தக் குழாயில் நீ ஒரு குடம் பிடிக்கவில்லை. நான் பிடித்திருக்கிறேன். வேறு வழியில்லாத நாட்களில்.

அந்த அனுமதி வந்ததே நமக்குத் தெரியாமல் போனதை இப்போது நினைத்தாலும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சட்டப்படி அதன் நகலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டியதை யாரோ ஒழுங்காகப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார்கள். நம் ஊர் திரௌபதி அம்மன் தீமிதிக்கு முதல் நோட்டீஸை எங்கே ஒட்டுவது வழக்கம்? அதே சுவர், அதே இடம். எந்த வருடமும் மாறியதில்லை. அங்கே ஒட்டிய பிறகுதான் வீட்டு வீட்டுக்குக் கொடுப்பார்கள். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போனது உன் வீட்டுக்காரர். மஞ்சள் நோட்டீஸை நாலு மூலையும் அழுத்தி ஒட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தாராம்.

கரட்டில் இயந்திரம் ஏறிய அன்றுதான் நாம் ஓடினோம். "எப்பவோ ஆர்டர் ஒட்டியாச்சே டீச்சர்" என்றார் ஊராட்சி எழுத்தர். எங்கே என்று கேட்டோம். அவரே எழுந்து வந்து சுவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், நகத்தால் மஞ்சள் தாளின் ஓரத்தைச் சுரண்டினார். அடியிலிருந்து வெள்ளைத் தாள் பசையோடு உரிந்து வந்தது. உரியாத ஒரு துண்டில் தேதி இருந்தது.

அனுமதியை ஊருக்கு அறிவித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு எல்லை உண்டு. சுவரில் இருந்த தேதிப்படி பாதிக்கு மேல் போயிருந்தாலும் அப்போது நம் கையில் நாட்கள் இருந்தன. நண்பர் ஒருவர் மூலமாக இந்த வக்கீல் அம்மா கிடைத்தார். இரண்டே நாளில் மனுவைத் தயார் செய்து அனுப்பினார். கள்ளக்குறிச்சிக்குப் போய் நோட்டரி முன்னால் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் மிச்சம்.

உன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியிருந்தது.

காப்புக் கட்டியவர்கள் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லை தாண்டக் கூடாது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் தெருவில் காப்புக் கட்டுவதில்லையே தவிர, அந்த நாட்களில் உங்கள் தெருவில் யாரும் எங்கும் போகமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அன்று காலை பஸ் நிற்கும் இடத்துக்கு உன்னை வரச் சொன்னேன். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் நீ. ரோட்டில் பஸ் வந்து நின்றது.

"ஏறுடி. போனதும் கையெழுத்து, வந்ததும் வூடு. யாருக்கும் தெரியாது" என்றேன்.

நீ கையைத் தூக்கிக் காட்டினாய். "இதுக்குத் தெரியுமே."

"உங்க சாமி இதுக்கெல்லாம் கோவிச்சுக்காது."

"உங்க சாமி கோவிச்சுக்காது. ஞாயித்துக்கெழம முட்டி போட்டு சாரின்னா மன்னிச்சி வுட்டுரும். எங்களது அப்பிடியில்ல, துச்சாதனன் ரத்தத்துல தலமுடி முடிஞ்சவ. அவகிட்டப் போயி நோட்டரி கூப்ட்டாருன்னு சொல்லச் சொல்றியா?"

கண்டக்டர் விசில் ஊதினார். நான் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். படிக்காதவள் என்றோ என்னவோ. நீ அதற்குக் கோபப்படவில்லை. கயிற்றை இன்னொரு கையால் மூடிக்கொண்டு, என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாய்.

"கரடு பொழைக்கணும்னு வேண்டிக்கினு கட்டனதுடி இது. கரட்டுக்கோசரம் அவுக்கச் சொல்றியா?"

பஸ் போய்விட்டது. நீ கேட்டதை இன்றும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தவக்காலத்தில் நான் ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பேன். அந்த நாட்களில் யாராவது ஒரு கவளத்தை நீட்டி, இதைச் சாப்பிட்டால் உன் பிள்ளை பிழைக்கும் என்றால் சாப்பிடுவேனா? சாப்பிட்டிருப்பேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. பிள்ளைக்காகத்தானே இருக்கிறேன், எப்படிச் சாப்பிடுவது என்று மறுநாள் தோன்றுகிறது.

சம்மதித்த வேறு ஆட்களைத் தேடினோம். சம்மதித்தவர்கள் எல்லோரும் காப்புக் கட்டியிருந்தார்கள். கட்டாதவர்கள் சம்மதிக்கவில்லை. நோட்டரியையே ஊருக்கு வரச் சொல்லிக் கேட்டேன். "முத்திரையையும் ரிஜிஸ்டரையும் தூக்கிக்கினு ஊர் ஊரா வர நான் இன்னா பூம்பூம் மாட்டுக்காரனா டீச்சர்?" என்று சிரித்தார். என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். நீ துடித்துப் போனாய். "கவர்மெண்ட்டு சம்பளம் வாங்கிக்கினு கவர்மெண்ட்டு மேலயே கேசு போடுவியா? ஒரு மெமோ வந்தா உன் பொண்ணு படிப்பு நின்னுரும். எனக்கு இன்னா, மரவள்ளிக்கா மெமோ குடுப்பாங்க?" என்றாய். மனுவில் உன் பெயரே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ தீ மிதித்த மாலை நான் கூட்டத்தில் நின்றேன். பூங்கரகத்துக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தாய். என் பக்கம் பார்க்கவே இல்லை. மறுநாள் காப்பை அவிழ்த்த கையோடு முதல் பஸ்ஸுக்கு நின்றாய். நோட்டரி அலுவலகம் மாடியில். பாதமெல்லாம் மஞ்சளும் எண்ணெயுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாய். "காலுல இன்னாம்மா?" என்று கேட்டார் அவர். "ஒண்ணுமில்ல சார், தீ நல்லாத்தான் இருந்திச்சி. உங்க படிக்கட்டுதான் சுட்டுது" என்றாய். அவர் அன்று கட்டணம் வாங்கவில்லை. முப்பது நாள் அதற்குள் போயிருந்தது.

பிறகு எல்லாம் வாய்தாதான். சென்னைக்கு உன்னோடு நான் வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாய், கல்யாணத்துக்குப் போவது போல. கையில் மறுபடியும் ஒரு பாட்டில். தீர்ப்பாயத்து வாசலில் தடுத்து, தண்ணீர் உள்ளே கொண்டு போகலாம், ஆனால் மேசையில் வைக்கக் கூடாது என்றார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சுவரில் ஒட்டிய நகலின் போட்டோவைக் காட்டினார். அழகான போட்டோ. வெள்ளைத் தாள், முத்திரை, பக்கத்தில் ஊராட்சியின் பெயர்ப் பலகை. மஞ்சள் நோட்டீஸ் வருவதற்கு முன்னால் எடுத்தது. அன்றிலிருந்துதான் நாளைக் கணக்கிட வேண்டும் என்றார். தாமதத்துக்கு நாம் எழுதியிருந்த காரணத்தையும் வாசித்தார். தீயில் நடக்க நேரம் இருந்தவருக்குக் கையெழுத்துப் போட நேரமில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"இன்னாடி சொல்றான்?" என்றாய்.

"தேதியப் பத்திப் பேசறாங்க."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாய். பாட்டிலை மடியில் நிறுத்தி வைத்திருந்தாய்.

"கரட்டப் பத்தி எப்பப் பேசுவாங்க?"

முதலில் தாமதம், அது மன்னிக்கப்பட்டால்தான் மற்றது என்று உன் காதில் சொன்னேன். தலையாட்டினாய். அடுத்த வாய்தாவிலும் தாமதம். அதற்கடுத்ததிலும். நம் வக்கீல் அம்மா காப்பு என்றால் என்ன, எல்லை என்றால் என்ன என்று விளக்கினார். பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஒரு வழிபாட்டுப் பழக்கம் சட்டத்தின் பார்வையில் தகுந்த காரணம் ஆகுமா என்பதற்குப் பழைய தீர்ப்புகளைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் அங்கே யாரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரவர் வேலையை அவரவர் சரியாகச் செய்தார்கள். அந்த அறையில் சுனை என்ற சொல் மட்டும் ஒரு தடவைகூட உச்சரிக்கப்படவில்லை. வேலையை நிறுத்தி வைக்கும்படி கேட்டதற்கும், தாமதம் தீரட்டும் என்றார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாம் திரும்பி வரும்போது கரடு ஒரு படி குறைந்திருந்தது. மதியம் சைரன் ஊதும், பிறகு வெடிக்கும், என் வகுப்பில் பிள்ளைகள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். வெடிச் சத்தத்தில் கோடு இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று அவர்களாகவே கற்றுக்கொண்டது.

நடுவில் ஒருநாள் கரியாலூருக்குப் போனோம். உன் அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மலைப்பாதையின் ஒரு வளைவில் பஸ் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நின்றது. நீ ஜன்னலோரம். கீழே சமவெளி முழுக்கப் பச்சையும் பழுப்புமாக விரிந்து கிடந்தது. தூரத்தில் கோமுகி அணைத் தண்ணீர் மின்னியது. நீ விரலால் தேடித் தேடி ஒரு இடத்தைக் காட்டினாய். ஒரு பக்கம் வெள்ளையாகக் கடித்து வைத்த மாதிரி நம் கரடு.

"இத்தினூண்டா இருக்குது! இதுக்கா ரெண்டு பேரும் மெட்ராசுக்கும் ஊருக்கும் அலஞ்சிக்கினு கெடக்கறோம்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். எனக்கும் அடக்க முடியவில்லை. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்து ஓய்ந்த பிறகு, "அந்த ஆபீசரு இங்கர்ந்து பாத்துத்தான் எழுதிக்கிறான்" என்றாய். அதன் பிறகு கரியாலூர் வரும்வரை நீ வெளியே பார்க்கவில்லை.

உன் மகன் குவாரியில்தான் டிப்பர் லாரி ஓட்டுகிறான் என்பதை நீ யாருக்கும் மறைத்ததில்லை. "அவன் மலய ஏத்திக்கினு போறான், நான் எறக்கி வைடான்னு கேசு போட்டுக்கினு கீறேன். வூட்டுல ஒரே சட்டில சோறு" என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். அவன் வேலைக்குக் கிளம்பும்போது டிபன் டப்பாவைக் கழுவி நிரப்பிக் கொடுத்ததும் நீதான். ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு நான் ஏதோ கேட்கப் போனேன். "பசிக்கு இன்னாடி கேசு?" என்று முந்திக்கொண்டாய்.

நீ விழுந்தது மரவள்ளிக் காட்டில். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உனக்கு யாரையும் தெரியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை கிள்ளவில்லை. அதுதான் எனக்குச் சொல்லிவிட்டது.

உன்னை எடுத்த அன்று குவாரியிலிருந்து பெரிய ரோஜா மாலை ஒன்று வந்தது. மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உன் கால்மாட்டில் நின்று கும்பிட்டார். ஊர்த் துக்கத்துக்கு மரியாதையாக அன்று வெடி வைக்கவில்லை. சைரன் ஊதவில்லை. லாரி ஓடவில்லை. நம் வக்கீல் அம்மா அத்தனை வாய்தாவிலும் கேட்டுக் கிடைக்காத தடையுத்தரவை நீ படுத்துக்கொண்டே வாங்கிவிட்டாய். மறுநாள் மதியம் சைரன் ஊதியது.

நேற்று போன் வந்த பிறகு உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் வாசலில் கிழங்குக் குச்சிகளைக் கட்டு கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்து என்றதும் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அவளோட போவட்டும் டீச்சர்" என்றார். "பையன் அங்க ஓட்டிக்கினு கீறான். நான் பேரக் குடுத்தா நாளைக்கே சாவிய வாங்கி வச்சிக்குவாங்க. அவ இருந்தா அவகிட்ட யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நான் அவ இல்லியே."

மறுபடியும் குச்சிக் கட்டைக் கையில் எடுத்தவர், "அந்த நோட்டீசு நான்தான் ஒட்டனேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அடியில இன்னா இருக்குதுன்னு பாக்கல. வருசா வருசம் ஒட்டற எடம்தானேன்னு ஒட்டிட்டேன்." யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. நீயும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர்தான். குடித்துவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். இந்த வழக்கு ஜெயிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தாமதத்தை மன்னிக்க மாட்டார்கள். மன்னித்தாலும் கரட்டைப் பற்றிப் பேசும் நாள் வருவதற்குள் பேசுவதற்குக் கரடு இருக்காது. போன மாதம் ஆடு மேய்க்கும் பெண்ணிடம் சுனை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "எது டீச்சர்? அந்தப் பக்கமே இப்ப வுடறதில்லியே" என்றாள். நான் படித்த படிப்பில் இதற்கு ஒரு வழியும் இல்லை. ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லத்தான் தெரியும் எனக்கு. உனக்குச் சொன்னேன். நீ போன பிறகு அதற்கும் ஆளில்லை.

ஆனால் நேற்றிரவு படுத்துக்கொண்டு யோசித்ததில் ஒன்று மட்டும் பிடிபட்டது. தோற்பது வேறு, ஆளில்லை என்று மூடிவிடுவது வேறு. தோற்றால் யாரோ ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை என்றாவது இருக்கும். ஆளில்லை என்று மூடினால் கேட்டவரே இல்லை என்றாகிவிடும். அந்த அறிக்கையில் தண்ணீரே இல்லை என்று எழுதினார்களே, அது மாதிரி.

என் அப்பாவின் காணி அந்த ஓடையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் என்று சொல்ல எனக்கு அது போதும் என்று வக்கீல் அம்மா முன்பே ஒருதடவை சொன்னார். மெமோ வரலாம். மாற்றல் வரலாம். என் மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. நீ பயந்தது எதுவும் பொய்யில்லை. எனக்கு உன் வாயும் இல்லை, உன் சிரிப்பும் இல்லை. யாராவது அதட்டினால் உட்கார்ந்துவிடுகிறவள் நான். நீ எனக்கு விட்டுப்போனது தைரியம் இல்லை. உன்னைப் பற்றி அவர்கள் எழுதி வைத்திருக்கும் அந்த ஒற்றை வரிதான். பொதுமக்களில் ஒருவர். அதைத்தான் சுமந்துகொண்டு அலைகிறேன்.

இன்று மதிய இடைவேளையில் வக்கீல் அம்மாவைக் கூப்பிட்டு என் பெயரைச் சொல்லப் போகிறேன். என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. தலைமையாசிரியரிடம் வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு மட்டும் கேட்பேன். அன்று மாலையே தீர்ப்பாயத்தில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டாலும் அனுப்பிவிடலாம். சனிக்கிழமை ஏழாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு வைத்திருக்கிறேன், அதற்குள் வந்துவிட வேண்டும்.